சுப்ராவில் 4000 சுற்றுக்கு மேல் விழும் பூஸ்ட்: நுவரெலியா ஏற்றத்தில் ஒரு பழுதுபார்ப்புப் பதிவு

வாகனம்: டொயோட்டா சுப்ரா, ஜே.இசட்.ஏ.80. ஜப்பான் சந்தைக்கான 2ஜே.இசட்-ஜி.டி.இ. எஞ்சின், ஆறு கியர் மெனுவல், தொழிற்சாலையில் பூட்டிய இரண்டு டர்போக்களும் அப்படியே இருக்கின்றன.

முறைப்பாடு: கம்பளையில் இருந்து நுவரெலியாவுக்கு ஏறும்போது, புசல்லாவையைத் தாண்டினால் இழுவை போதவில்லை. நிமிடத்துக்கு 3500 எஞ்சின் சுற்று வரை பூஸ்ட் கடிகாரம் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் மேலதிக அழுத்தத்தைக் காட்டுவது) 0.7 பார் காட்டுகிறது. 4000ஐக் கடந்ததும் 0.35க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. புகை இல்லை, சத்தம் இல்லை, செக் எஞ்சின் விளக்கும் எரியவில்லை. “டர்போ போய்விட்டது, ஜோடியாக மாற்ற வேண்டும்” என்று வேறொரு இடத்தில் சொல்லப்பட்ட பிறகு வந்த வாகனம் இது.

ஜோடி டர்போ மாற்றுவது பல இலட்சம் ரூபாய் வேலை. அதனால் எதையும் கழற்றுவதற்கு முன், பூஸ்ட் எந்தச் சுற்றில் விழுகிறது என்பதை வைத்தே தேடினோம். இந்த எஞ்சினில், பூஸ்ட் எவ்வளவு குறைகிறது என்பதைவிட எங்கே குறைகிறது என்பதுதான் அதிகம் சொல்லும்.

உயரத்தின் பங்கு எவ்வளவு

மலையில் பூஸ்ட் பார்க்கிறவர் முதலில் தன் கடிகாரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். குழாய் வைத்த சாதாரண கடிகாரம், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மெனிபோல்டுக்கும் வெளிக்காற்றுக்கும் இடையிலான வித்தியாசத்தை மட்டுமே காட்டும். கொழும்பில் வெளிக்காற்றின் அழுத்தம் 101 கிலோபாஸ்கல் (100 கிலோபாஸ்கல் ஒரு பார்). கண்டியில் 95 அளவில் இருக்கும், ஹற்றனில் 87. 1868 மீட்டர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் 81 தான்.

பூஸ்ட் எல்லை மீறாமல் எக்சோஸ்ட் வாயுவைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட் வால்வின் ஸ்பிரிங்குக்கும் தெரிவது அதே வித்தியாசம்தான். எனவே ஆரோக்கியமான வாகனம் நுவரெலியாவிலும் 0.7 பார் காட்டும். ஆனால் சிலிண்டருக்குள் போகும் காற்றின் உண்மையான அழுத்தம் கொழும்பில் 171 கிலோபாஸ்கல், நுவரெலியாவில் 151. அதாவது நுவரெலியாவில் 0.7 காட்டும் சுப்ரா, கொழும்பில் 0.5 காட்டும் சுப்ராவின் பலத்தோடுதான் ஓடும். ஏறத்தாழ 12 சதவீத இழப்பு. இது பழுது அல்ல. எந்தக் கராஜாலும் இதைத் திருத்த முடியாது.

சில எலக்ட்ரோனிக் கடிகாரங்களின் சென்சார் முழு அழுத்தத்தை அளந்து 101ஐக் கழித்துக் காட்டும். அவை நுவரெலியாவில் எஞ்சின் நின்றிருக்கும்போதே -0.2 என்று நிற்கும், முழு பூஸ்ட்டில் 0.5 காட்டும். சாவியை ஓன் செய்து, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமல் கடிகாரம் எதில் நிற்கிறது என்று எழுதி வையுங்கள். இதைச் செய்யாமல் இரண்டு வாகனங்களின் பூஸ்ட்டை ஒப்பிடுவதில் பலன் இல்லை.

ஐட்லிங் வெக்குவமும் இப்படித்தான். கொழும்பில் -0.65 பார் அளவில் நிற்கும் ஊசி, நுவரெலியாவில் -0.45 அளவிலேயே நிற்கும். இதைப் பார்த்து இன்டேக்கில் எங்கோ காற்று ஒழுகுகிறது என்று கேஸ்கட் மாற்றப்பட்ட எஞ்சின்கள் மலைநாட்டில் குறைவில்லை.

உயரம் பூஸ்ட்டை மெதுவாக எழ வைக்கும், எல்லாச் சுற்றிலும் பலத்தைக் கொஞ்சம் குறைக்கும். ஆனால் அதற்கு 4000 என்ற எண் தெரியாது. குறிப்பிட்ட ஒரு சுற்றில் 0.7இல் இருந்து 0.35க்கு ஊசி விழுகிறது என்றால் அது வாகனத்துக்குள் இருக்கும் பழுது.

4000 சுற்றில் என்ன நடக்கிறது

இந்த எஞ்சினின் இரண்டு டர்போக்களும் ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வருபவை. கீழ்ச் சுற்றுகளில் எக்சோஸ்ட் முழுவதும் முதல் டர்போவுக்கே போகும். 3500ஐ ஒட்டி எக்சோஸ்ட் பைபாஸ் வால்வு திறந்து, கொஞ்சம் வாயுவை இரண்டாவது டர்போவுக்கு அனுப்பி அதைச் சுழல வைக்கும். 4000ஐ ஒட்டி எக்சோஸ்ட் கட்டுப்பாட்டு வால்வு முழுவதும் திறக்கும். அதோடு இன்டேக் கட்டுப்பாட்டு வால்வும் திறந்து இரண்டாவது டர்போவின் காற்றை, அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் சேர்க்கும். அந்த மாற்றத்தின்போது ஊசி ஒரு கணம் இறங்கி மீண்டும் ஏறுவது இயல்பு. இறங்கியது ஏறாமல் நிற்பதுதான் பழுது.

இந்தக் கட்டுப்பாட்டு வால்வுகள் இரண்டையும் தள்ளுவது பூஸ்ட் அழுத்தமே. முதல் டர்போ உண்டாக்கும் அழுத்தம், ஒருவழி வால்வு ஒன்றின் ஊடாக இன்டேக் மெனிபோல்டின் அடியில் உள்ள சிறிய அழுத்தத் தொட்டியில் சேர்கிறது. கணினி சொல்லும்போது வி.எஸ்.வி. எனப்படும் மின்காந்த வால்வுகள் திறந்து, தொட்டியின் அழுத்தத்தை, கட்டுப்பாட்டு வால்வின் தண்டைத் தள்ளும் டயபிரத்துக்கு விடுகின்றன. தொட்டி வெறுமையாக இருந்தால் கணினி எவ்வளவு சரியாகக் கட்டளை கொடுத்தாலும் வால்வு அசையாது. கணினிக்கு மின்சுற்றுதான் தெரியும், டயபிரம் அசைந்ததா என்பது தெரியாது. விளக்கு எரியாததன் காரணம் அதுதான். டயக்னோஸ்டிக் பெட்டியில் டி.ஈ.1, ஈ.1 என்ற முனைகள் இரண்டையும் இணைத்துப் பார்த்தபோதும் விளக்கு சீராகவே மின்னியது, கோட் எதுவும் இல்லை.

கீழே பூஸ்ட் வராமல் 4000க்கு மேல் மட்டும் சரியாக வந்தால், எக்சோஸ்ட் அல்லது இன்டேக் கட்டுப்பாட்டு வால்வு திறந்தபடி இறுகியிருக்கும். கீழே சரியாக இருந்து மேலே விழுந்தால், அந்த வால்வுகள் திறக்கவில்லை, தொட்டியில் அழுத்தம் இல்லை, அல்லது இரண்டாவது டர்போ பழுது. எல்லாச் சுற்றிலும் ஒரே அளவு குறைவு என்றால் பைப் இணைப்பு, வேஸ்ட்கேட், அடைபட்ட கெட்டலிஸ்ட் என்று தேட வேண்டும். நம்முடையது இரண்டாவது வகை.

சோதனை ஓட்டத்துக்கு வேகம் தேவையில்லை, சுமைதான் தேவை. நல்ல ஏற்றத்தில் 2ஆம் கியரில் 4500 சுற்று என்பது 70 கிலோமீட்டரை ஒட்டிய வேகம். ஒருவர் ஓட்ட, மற்றவர் சுற்றுமானியும் பூஸ்ட் கடிகாரமும் ஒரே படத்தில் விழும்படி கைபேசியில் பிடிக்க வேண்டும். ஓட்டுபவர் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது. இறம்பொடை வளைவுகளில் இந்தச் சோதனையே வேண்டாம், நேராகவும் வெறுமையாகவும் உள்ள துண்டில் மட்டும் செய்யுங்கள். கொழும்பு நெரிசலில் 4000ஐத் தாண்டும் வேளையே அரிது. இந்தப் பழுது அங்கே நெடுங்காலம் ஒளிந்திருந்து ஏற்றத்தில் வந்து வெளிப்படுவது அதனால்தான்.

காற்று ஒழுக்குச் சோதனை

பழுதின் வகை தெரிந்தாலும் இதை விடவில்லை. செலவு குறைந்த சோதனை, பின்னால் வரும் எல்லா அளவீட்டுக்கும் அடித்தளம்.

தேவையானவை: எயார் கிளீனரில் இருந்து வரும் இறப்பர் குழாயின் வாய்க்குப் பொருந்தும் பி.வி.சி. மூடி (3 அங்குலம் பெரும்பாலும் பொருந்தும், அளந்து வாங்குங்கள்), டயர் கடையில் ஒரு டியூப்லெஸ் வால்வு, அளவுக் கடிகாரம் உள்ள ரெகுலேட்டர், சிறிய கொம்பிரசர், சவர்க்காரத் தண்ணீர். மூடியின் நடுவில் 11.5 மி.மீ. துளை போட்டு வால்வை இழுத்துப் பூட்டி, மூடியைக் குழாய் வாயில் கிளிப் போட்டு இறுக்கினால் கருவி தயார்.

எஞ்சினின் ஒயில் ஆவியை இன்டேக்குக்குத் திருப்பும் பி.சி.வி. குழாயையும், இன்டேக்கில் இருந்து வால்வு கவருக்குப் போகும் குழாயையும் கழற்றி இரு பக்கமும் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று கிரேங்க்கேசுக்குள் போய் ஒயில் சீல்களைத் தள்ளும். ரெகுலேட்டரை 0.2 பாரில் தொடங்கி மெதுவாக 0.7க்கு ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். எந்த எஞ்சினும் முழுக்கப் பிடித்து வைக்காது. ஏதோ ஒரு சிலிண்டரில் வால்வு திறந்திருக்கும், சைலன்சர் பக்கம் மெல்லிய காற்றோசை வரும், அது பழுதல்ல. தேட வேண்டியது பைப் இணைப்புகளில் எழும் சீறலை.

இந்த வாகனத்தில் இன்டர்கூலரின் கீழ் இணைப்பில் சவர்க்காரம் நுரைத்தது. அந்த இடத்தைச் சோதனைக்கு முன்பே கண்ணாலும் பிடித்திருக்கலாம். கிளிப்பின் கீழ்ப் பக்கத்தில் கறுப்பான ஒயில் ஈரம், அதில் செம்மண் தூசி அப்பியிருந்தது. உள்ளே அழுத்தம் இருந்தால் மட்டுமே ஒயில் அந்தத் திசையில் வெளியே வரும். ஹோஸைக் கழற்றி, இரு முனையையும் பிரேக் கிளீனரால் துடைத்து, புதிய டி-போல்ட் கிளிப் போட்டதும் ஒழுக்கு நின்றது.

ஜப்பான் சந்தை 2ஜே.இசட்.டில் காற்றளவு சென்சார் இல்லை, மெனிபோல்ட் அழுத்த சென்சார்தான் இருக்கிறது. ஆகவே பைப்பில் காற்று ஒழுகினாலும் பெற்றோல் கலவை கெடாது, கறுப்புப் புகை வராது. காற்றளவு சென்சார் உள்ள நிஸ்ஸான் 300இசட்.எக்ஸ், ஸ்கைலைன் ஜி.டி.-ஆர் போன்றவற்றில் அதே ஒழுக்குக் கறுப்புப் புகையாகத் தெரிந்துவிடும். புகை இல்லை என்பதை வைத்துச் சுப்ராவில் ஒழுக்கு இல்லை என்று முடிவு செய்ய முடியாது.

இந்தச் சோதனையால் பிடிபடாத ஒன்றும் உண்டு. இன்டேக் கட்டுப்பாட்டு வால்வு சரியாக மூடாமல் காற்று இரண்டாவது டர்போ வழியே பின்னால் போகிற பழுதை இது காட்டாது. வெளியில் இருந்து தள்ளும்போது வால்வின் இரு பக்கமும் ஒரே அழுத்தம்தான். அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

இன்டர்கூலர் இணைப்பைச் சரி செய்த பிறகு பூஸ்ட் எழும் வேகம் கூடியது. 4000 சுற்றின் வீழ்ச்சி அப்படியே இருந்தது.

வால்வா, டர்போவா

இங்கே ஒரு குறுக்குவழி உண்டு. எக்சோஸ்ட் கட்டுப்பாட்டு வால்வின் தண்டையும் இன்டேக் கட்டுப்பாட்டு வால்வின் தண்டையும் திறந்த நிலையில் கட்டுக்கம்பியால் கட்டி நிறுத்தினால், இரண்டு டர்போக்களும் தொடக்கத்தில் இருந்தே சேர்ந்து ஓடும். கீழே இழுவை இருக்காது, பூஸ்ட் தாமதித்தே எழும். மலை உயரத்தில் அந்தத் தாமதம் இன்னும் கூடும். ஆனால் மேல் சுற்றில் முழு பூஸ்ட் வந்துவிட்டால் இரண்டு டர்போக்களும் நலம், பழுது கட்டுப்பாட்டில் என்று அடித்துச் சொல்லலாம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே கை வையுங்கள். பிளாஸ்டிக் கேபிள் டை அந்தச் சூட்டில் உருகிவிடும், இரும்புக் கம்பிதான் வேண்டும்.

கட்டி ஓட்டியபோது 4500க்கு மேல் ஊசி 0.7ஐத் தொட்டு நின்றது. ஜோடி டர்போ மாற்றும் பேச்சு அதோடு முடிந்தது.

இதே சோதனையில் பூஸ்ட் வராதிருந்தால் அடுத்து செய்ய வேண்டியது, இன்டேக் குழாயைக் கழற்றி இரண்டாவது டர்போவின் சக்கரத்தை விரலால் சுற்றிப் பார்ப்பது. பக்கவாட்டில் சிறு அசைவு இருக்கலாம், முன்பின்னாக அசைவு உணரக் கூடாது, இறக்கைகள் சுவரில் உரசிய தடம் இருக்கக் கூடாது. ஜப்பான் சந்தை வாகனத்தின் டர்பைன் சக்கரம் பீங்கான். அது உடைந்தால் கொம்பிரசர் பக்கம் சுதந்திரமாகச் சுற்றும், பூஸ்ட் மட்டும் வராது. எனவே எக்சோஸ்ட் பக்கமும் கைபேசிக் கெமராக் குழாயை விட்டுப் பார்க்க வேண்டும்.

தொட்டியும் குழாய்களும்

கம்பிகளை அவிழ்த்துவிட்டு, அழுத்தமும் வெக்குவமும் இரண்டும் தரும் கைப்பம்ப்பால் ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

எக்சோஸ்ட் கட்டுப்பாட்டு வால்வின் ஆக்சுவேட்டருக்கு (டயபிரம் உள்ள பகுதி) நேரடியாக அழுத்தம் கொடுத்தால் தண்டு சீராக நகர்ந்து முழுக்கத் திறக்க வேண்டும், பம்ப்பின் ஊசி இறங்காமல் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். தொட்டியில் கிடைப்பதே 0.7 பாரை ஒட்டிய அழுத்தம். அதற்குள் திறக்காத வால்வு துருவால் இறுகியிருக்கிறது. இங்கே இரண்டு தண்டுகளும் நன்றாக நகர்ந்தன, டயபிரங்களும் அழுத்தத்தைப் பிடித்தன. நுவரெலியாவின் பனியிலும் ஈரத்திலும் நெடுநாள் நின்ற வாகனங்களில் எக்சோஸ்ட் வால்வின் தண்டு துருப்பிடிப்பது வழக்கம். அப்படியானால் துரு நீக்கும் திரவம் விட்டு, கையால் பலமுறை அசைத்து விடுவிக்கலாம். சுத்தியலால் தட்டினால் தண்டு வளைந்துவிடும்.

நான்கு வி.எஸ்.வி.களின் பிளக்கையும் கழற்றி, சுருள்களின் ஓம் அளவை ஒன்றோடொன்று ஒப்பிட்டோம். ஒன்று மட்டும் விலகி நின்றாலோ, எல்லையற்றது என்று காட்டினாலோ அதுதான் குற்றவாளி. பிறகு 12 வோல்ட் கொடுத்து, ‘டிக்’ என்ற சத்தத்தோடு காற்று வழி மாறுகிறதா என்று ஊதிப் பார்க்க வேண்டும். சத்தம் வந்தும் வழி மாறாத வி.எஸ்.வி. உண்டு. உள்ளே ஒயில் பிசுக்கு அடைத்திருக்கும். நான்கும் சரி.

எஞ்சியது தொட்டி. ஒருவழி வால்வுக்குப் போகும் குழாயைக் கழற்றி, வால்வின் வாய்வழியாக 0.7 பார் வரை பம்ப் செய்தோம். கை நின்றதும் ஊசி இறங்கத் தொடங்கி, பத்து எண்ணுவதற்குள் பூச்சியத்துக்கு வந்தது. ஒருவழி வால்வைத் தனியாகக் கழற்றி ஊதினால் ஒரு பக்கம் போனது, மறு பக்கம் போகவில்லை. அது நலம். தொட்டியை வாளித் தண்ணீரில் அமிழ்த்தி அழுத்தினால் குமிழி இல்லை. அப்படியானால் குழாய்தான்.

தொட்டியில் இருந்து வி.எஸ்.வி.களுக்குப் போகும் இறப்பர் குழாய், நிப்பிளில் ஏறும் வளைவின் அடிப்பக்கம் வெடித்திருந்தது. மேலிருந்து பார்த்தால் முழுசாகத் தெரியும். கழற்றி விரல்களுக்கு இடையில் மடித்தபோது, முனையில் இருந்து ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெடிப்பு வாய் திறந்தது. உள்சுவர் கண்ணாடி மாதிரி இறுகிப் பளபளத்தது. டர்போவின் சூடு ஒரு பக்கம், இரவின் குளிர் மறு பக்கம் என்று ஆண்டுக்கணக்கில் வாங்கிய இறப்பர் அப்படித்தான் ஆகும்.

அழுத்தம் தொட்டியில் சேரும் முன்பே இந்த வெடிப்பு வழியே போய்விட்டது. 4000இல் கணினி கட்டளை கொடுத்தபோது இரண்டு வால்வுகளும் அசையவில்லை. முதல் டர்போ மட்டும் முழு எஞ்சினுக்கும் காற்றுக் கொடுக்கப் பார்த்து, முடியாமல் 0.35க்கு விழுந்தது.

இந்த நிலையில் தொடர்ந்து அழுத்தி ஓட்டக் கூடாது. ஒற்றை டர்போ தன் எல்லையைத் தாண்டிச் சுழலும், பீங்கான் சக்கரத்துக்கு அது ஆபத்து. காற்று மெலிந்த உயரத்தில் அதே பூஸ்ட்டுக்கு டர்போ இன்னும் வேகமாகச் சுழல வேண்டியிருப்பதால் ஆபத்து இரட்டிப்பு.

மாற்றியவை

ஒரு குழாய் வெடித்தால் அதோடு பிறந்த மற்றவையும் அதே வயதுதான். எல்லாக் கட்டுப்பாட்டுக் குழாய்களையும் சிலிக்கன் குழாயாக மாற்றினோம். பெரும்பாலானவை 4 மி.மீ. உள்விட்டம். நிப்பிளை அளந்தே வெட்டுங்கள், தளர்வான குழாய் பூஸ்ட்டில் கழன்றுவிடும். 4 மீட்டர் வாங்கினால் போதுமானது. சுவர் தடித்த ரகம் வேண்டும், மெல்லியது வளைவில் நசுங்கி வழியை அடைத்துவிடும். பெற்றோல், ஒயில் ஆவி போகும் இடத்தில் சிலிக்கன் போடக் கூடாது. பி.சி.வி. பக்கத்துக்கு அதற்குரிய இறப்பர் குழாயே வேண்டும்.

ஒரு குழாயைக் கழற்றி ஒரு குழாயைப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கழற்றினால் வரைபடம் இருந்தாலும் மாறிப் போகும். தூக்கி எறியும் முன் பழைய குழாய்க்குள் காற்றோட்டத்தைக் குறைக்கும் சிறிய துளைக்கட்டை ஏதும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இருந்தால் அதைப் புதிய குழாய்க்குள் மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் பூஸ்ட் கட்டுப்பாடு முழுவதும் தவறும். ஒருவழி வால்வையும் வயது கருதிப் புதிதாகப் போட்டு, திசையை ஊதி உறுதி செய்தோம்.

மீண்டும் தொட்டிச் சோதனை: 0.7க்கு ஏற்றி ஒரு நிமிடம், ஊசி அசையவில்லை.

ஓட்டிப் பார்த்தது

கம்பளையில் 3500இல் 0.7, மாற்றத்தின்போது 0.5க்கு ஒரு கணம் இறங்கி, 4300க்குள் மீண்டும் 0.7. நுவரெலியாவிலும் குழாய்க் கடிகாரத்தில் அதே 0.7, ஆனால் பூஸ்ட் எழ இன்னும் கொஞ்சம் சுற்று எடுத்தது. அதுதான் மலையின் பங்கு.

அந்தப் பங்கையும் மீட்கலாம் என்று பூஸ்ட் கொன்ட்ரோலரில் 0.9 வைக்கும் ஆசை பலருக்கும் வரும், ஏப்ரல் சீசனில் மஹகஸ்தொட்ட ஏற்றப் போட்டி நெருங்கும்போது இன்னும் அதிகமாக வரும். கணக்கு இப்படி: 81 கிலோபாஸ்கல் காற்றை 171க்கு அழுத்துவது 2.1 மடங்கு. கொழும்பில் 1.1 பார் வைத்தால்தான் அதே மடங்கு வரும். தொழிற்சாலைப் பீங்கான் டர்போவை நம்பி அங்கே வைக்கக் கூடாத அழுத்தம் அது. இங்கேயும் கூடாது. 95 ஒக்டேனுக்குக் குறையாத பெற்றோல் மட்டும், 92 ஒருபோதும் வேண்டாம். நொக்கிங் (சிலிண்டருக்குள் கலவை தாறுமாறாக வெடித்துத் தட்டுவது) கேட்டால் கணினி இக்னிஷனைப் பின்னுக்கு இழுத்து, மீட்ட பலத்தையும் எடுத்துவிடும்.

மிட்சுபிஷி ஜி.டி.ஓ., 300இசட்.எக்ஸ், ஜி.டி.-ஆர் வைத்திருப்பவர்களுக்கு: அவற்றின் இரண்டு டர்போக்களும் எப்போதும் சேர்ந்தே ஓடுபவை, அதனால் இந்தத் தொட்டிக் கதை பொருந்தாது. அங்கே ஒரு டர்போவின் காற்றை மற்ற டர்போவின் காற்றோடு ஒப்பிடுவதுதான் வழி. உயரக் கணக்கும் ஒழுக்குச் சோதனையும் மட்டும் அப்படியே பொருந்தும்.

ஏற்றம் ஏறி வந்ததும் எஞ்சினை உடனே நிறுத்தாமல் இரண்டு நிமிடம் ஐட்லிங்கில் விட வேண்டும், ஒயிலை 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். புதிதாகப் போட்ட டி-போல்ட் கிளிப்பை ஒருமுறை சூடேறி ஆறிய பிறகு திரும்பவும் இறுக்குங்கள். சிலிக்கன் ஹோஸ் முதல் சூட்டில் படிந்து கொஞ்சம் தளரும்.